செயின்ட் ஆண்ட்ரூஸில் மழை பெய்தால் ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?

கேள்வி: சென்னையில் பல ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடிவருகிறேன். ஹேண்டிகேப் 18, அதாவது நடுத்தர ஆட்டக்காரன். பணி ஓய்வுக்குப் பின், வரும் அக்டோபரில் ஸ்காட்லாந்து சென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஆட நேரம் பதிவு செய்திருக்கிறேன். அந்த மாதத்தில் மழையும் குளிரும் வாட்டும், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எதையும் பார்க்கக்கூட முடியாது, அடுத்த ஜூனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் என் மருமகன். மழையில் அந்த ஹோல்களை (தொடக்க மேடையிலிருந்து குழிவரை ஆடும் பகுதிகளை) எப்படி ஆடுவது? தேங்கிய தண்ணீரில் பந்து விழுந்தால் விதி என்ன? மழை நாளில் அந்தத் திடலின் சிறப்பு கண்ணுக்குத் தெரியுமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள ஐயா,

பயணத்தை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் மருமகன் நம் ஊர் மழையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைக்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மழையின் பெரும்பகுதியை மலைகள் முன்பே வாங்கிக்கொள்வதால், அங்கே ஓராண்டில் பெய்யும் மொத்த மழை சென்னையில் பெய்வதில் ஏறக்குறையப் பாதிதான். வடகிழக்குப் பருவமழையைப் போல ஒரே இரவில் தெருவை மூழ்கடிக்கும் மழை அங்கே அபூர்வம். தூறலாகவும் சாரலாகவும் காற்றோடு சேர்ந்து நெடுநேரம் பெய்வதே வழக்கம். அதைவிட முக்கியமானது மண். கடலோர மணலின் மேல் மெல்லிய புல் படர்ந்த நிலம் என்பதால் தண்ணீர் விரைவாகக் கீழே இறங்கிவிடும். ஒரு நாள் மழைக்குப் பின் ஃபேர்வே என்னும் வெட்டிய புல்வெளி சொதசொதவென்று கிடப்பதைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு, காலை முழுவதும் தூறிய பின்னும் அங்கே காலடி அழுந்தாமல் இருப்பது வியப்பாக இருக்கும். ஜூனில் மழை வராது என்று அந்த ஊரில் யாரும் உறுதி கொடுக்கவும் மாட்டார்கள். நவம்பருக்குத் தள்ளுவதாக இருந்தால்தான் நான் தடுத்திருப்பேன். அப்போது தொடங்கும் குளிர்கால மாதங்களில் புல்லைக் காப்பதற்காக ஃபேர்வேயில் ஒரு சிறிய பாயை விரித்து, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள்.

எனினும், மழையால் எதுவும் மாறாது என்று நான் சொல்ல மாட்டேன். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து கோல்ஃப் ஆடப்படும் நிலம் அது. இன்று உலகெங்கும் வழக்கத்தில் இருக்கும் 18 ஹோல் கணக்கே, 1764-இல் அங்கிருந்த 22 ஹோல்கள் சுருக்கப்பட்டதிலிருந்து பிறந்தது. அதன் மேடுபள்ளங்களில் பெரும்பாலானவை எந்த வடிவமைப்பாளரும் வரைந்து வெட்டியவை அல்ல. காற்றும் மணலும் மேய்ந்த ஆடுகளும் நடந்த மனிதர்களும் உண்டாக்கியவை. உலர்ந்த நாளில் அங்கே பந்து எங்கே விழுகிறது என்பது பாதிக் கணக்குதான். விழுந்த பின் எந்த மேட்டில் மோதி எந்தப் பள்ளத்துக்கு ஓடுகிறது என்பது மறுபாதி. மழை அந்த மறுபாதியைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே சில ஹோல்கள் அன்று தம் கூர்மையை இழக்கின்றன, சில ஹோல்கள் கூடுதலாகப் பெறுகின்றன. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு மழை நாளும் முழுமையான ஆட்ட நாளே என்பது என் முடிவு.

முதலில் பந்துக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். கிளப் என்னும் கோல்ஃப் மட்டையின் முகத்துக்கும் பந்துக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் உராய்வு குறைந்து, பந்து வழுக்கிக்கொண்டு புறப்படும். வெட்ஜ் போன்ற சாய்வு மிகுந்த கிளப்பில் பந்து வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பும், பின்சுழற்சி போதாமல் விழும். ரஃப் என்னும் உயரமான புல் ஈரமாக இருக்கும்போது, அதிலிருந்து நடுத்தர அயர்ன் மட்டையால் அடித்தால், சில சமயம் எதிர்பார்த்ததைவிடத் தூரம் பாய்ந்துவிடும். ஆனால் மொத்தத்தில் உங்கள் தூரம் குறையவே செய்யும். ஈரக்காற்று கனமானது என்று பலர் நம்புகிறார்கள்; உண்மையில் ஈரப்பதம் மிகுந்த காற்று, அதே வெப்பத்தில் இருக்கும் உலர்ந்த காற்றைவிடச் சற்றே இலேசானது. தூரத்தைத் தின்பது குளிர்தான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்துக்குத் துள்ளல் குறைவு, அடுக்கடுக்காகப் போட்ட உடுப்பு தோளின் திருப்பத்தைத் தடுக்கும், தரையில் உருளும் தூரமும் போய்விடும். எனவே வழக்கமான கிளப்பைவிட ஒரு படி பெரியதாகவும், அதாவது கூடுதல் தூரம் தருவதாகவும், எதிர்காற்றில் இரண்டு படி பெரியதாகவும் எடுத்துக்கொண்டு, முக்கால் ஸ்விங்கில் நிதானமாக அடியுங்கள். பலத்தைக் கூட்டி அடித்தால் கால் வழுக்கும், கிரிப் கைக்குள் திரும்பும், பந்தும் மேலேறிக் காற்றில் மாட்டும்.

இப்போது ஹோல்களுக்கு வருகிறேன். பதினெட்டையும் சொல்லப் போவதில்லை. மழை தன் கைவரிசையைக் காட்டும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஹோலும் பதினெட்டாவது ஹோலும் ஒரே அகன்ற ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் பங்கர் என்னும் மணற்குழி ஒன்றுகூடக் கிடையாது. வலப்பக்கம் திடலின் எல்லை இருப்பதால் இடப்பக்கமாக அடித்துவிட்டால் கவலை இல்லை. சிக்கல் இரண்டாவது அடியில்தான். குழியைச் சுற்றி நெருக்கமாக வெட்டிய புல்தரையான கிரீனின் முன் ஓரத்தை ஒட்டியே ஸ்வில்கன் ஓடை ஓடுகிறது. உலர்ந்த நாளில் ஓடையைத் தாண்டி விழும் பந்து இறுகிய கிரீனில் துள்ளிப் பின்னால் ஓடிவிடும் என்ற பயத்தில் பலர் குறைவாக அடித்துத் தண்ணீரில் போடுவார்கள். மழை அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறது. கிரீன் பந்தைப் பிடித்துக்கொள்ளும். தாராளமாக ஒரு கிளப் கூடுதலாக எடுத்துக் கொடியைத் தாண்டி அடியுங்கள்.

அதன்பின் திடல் ஏறக்குறைய ஒரே திசையில் கழிமுகம் வரை போய், கொக்கிபோல் வளைந்து, வந்த வழியே திரும்புகிறது. ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. போகும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது மழையோடு முகத்தில் அடிக்கலாம். கடலோரமாதலால் அது பாதியில் திசை மாறுவதும் உண்டு. ஆகவே முதல் ஒன்பதின் கணக்கை வைத்து மறு ஒன்பதை எடைபோடாதீர்கள்.

பதினான்கு ஹோல்கள் ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும் என்று எந்த இணையை எடுத்தாலும் கூட்டினால் 18 வரும். போகும் ஹோலுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் ஹோலுக்குச் சிவப்புக் கொடி. கண்ணாடியில் துளி படிந்த நிலையில் தவறான கொடியைக் குறிவைப்பது எளிது. மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடியிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. இந்தக் கிரீன்களில் முப்பது மீட்டர் பட் (தரையில் உருட்டிவிடும் அடி) சர்வசாதாரணம். ஈரத்தில் பந்தின் வேகமும் குறையும், வளைவும் குறையும். சரிவைக் குறைவாகக் கணித்து, அடியைக் கூட்டுங்கள். நம்மவர்கள் மழையில் மூன்று பட் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் திசை அல்ல, குறைவான அடி.

பதினோராவது ஹோல் போட்டி நாள்களில் 174 கஜம் நீளமுள்ள பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. இடப்புறம் ஹில் பங்கர், முன்னால் வலப்புறம் ஸ்ட்ராத் பங்கர், பின்னால் ஈடன் கழிமுகம்; கிரீன் பின்னிருந்து முன்னோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. 1921-இல் இளைஞராக இருந்த அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் இந்த ஹோலில்தான் ஹில் பங்கரில் அகப்பட்டு, ஓபன் என்னும் பிரிட்டனின் புகழ்பெற்ற போட்டியையே கைவிட்டார். உலர்ந்த நாளில் கொடிக்கு மேலே நின்றுவிட்ட பந்தைப் பட் செய்வது தண்டனை, தொட்டாலே ஓடிவிடும். மழை இந்த ஹோலிடம் கருணை காட்டுகிறது என்பேன். மேலிருந்து வரும் பட் அடியையும் அன்று அடக்க முடியும். ஆகவே பங்கர்களைத் தாண்டும் அளவுக்குக் கிளப்பை எடுங்கள்.

அடுத்த ஹோலான பன்னிரண்டாவது இதற்கு நேர்மாறு. ஃபேர்வேயின் நடுவிலேயே பங்கர்கள் ஒளிந்திருக்கின்றன. முற்காலத்தில் இத்திடல் எதிர்த்திசையிலும் ஆடப்பட்டதால், அந்தத் திசையிலிருந்து வருபவர் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்தவை அவை; தொடக்க மேடையான டீயில் நிற்கும் உங்களுக்குத் தெரியாது. உலர்ந்த நாளில் துணிச்சலாக அடித்த பந்து அவற்றுக்கு நடுவே ஓடிக் கிரீனை நெருங்குமா என்பதுதான் இந்த ஹோலின் சுவை. மழையில் பந்து ஓடாது, எனவே அந்தச் சுவையும் குறைவு. கேடி காட்டும் இடத்துக்குக் குறைவாக அடித்துவிட்டு, அடுத்த அடியை ஆடுங்கள். இந்த ஹோலை மட்டும் வெயிலில் பார்க்க முடியவில்லையே என்று நீங்கள் வருந்தினால் நானும் உடன்படுவேன்.

பதினான்காவது ஹோல் நீளமானது; ஓபன் போட்டியின்போது 600 கஜத்துக்கும் மேல். வலப்புறச் சுவருக்கும் பியர்டீஸ் என்னும் பங்கர்களுக்கும் இடையில் எலிசியன் ஃபீல்ட்ஸ் என்ற சமதரையில் முதல் அடி விழ வேண்டும். அதன்பின் நரகம் என்றே பெயர் பெற்ற ஹெல் பங்கரைத் தாண்ட வேண்டும். மழையில் முதல் அடி உருளாமல் நின்றுவிடுவதால், இரண்டாவது அடியில் நரகத்தைத் தாண்டுவது உங்களைப் போன்ற ஹேண்டிகேப் உள்ளவருக்குச் சூதாட்டம். இடப்புறமாகத் திரும்பி, அடுத்துள்ள ஐந்தாவது ஹோலின் ஃபேர்வேயில் பந்தை வைத்து, அங்கிருந்து கிரீனுக்கு வாருங்கள். அது கோழைத்தனம் அல்ல. அந்த ஊர்க் கேடிகள் காலங்காலமாகச் சொல்லித்தரும் பாதைதான். தவறி விழுந்துவிட்டால் பங்கரின் முன்சுவரைப் பாருங்கள். புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய செங்குத்துச் சுவர் அது. ஈர மணல் இறுகிக் கிடப்பதால் கிளப் அதன் மேல் துள்ளும். கிளப்பின் முகத்தை அதிகம் திறக்காமல், மணலைக் குறைவாக எடுத்து, பக்கவாட்டிலோ பின்னோக்கியோ வெளியே வருவதே அறிவுடைமை.

பதினேழாவது ஹோலைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. 495 கஜம், பார் 4. விடுதியை ஒட்டிய கொட்டகைகளின் மேலாக முதல் அடி. கிரீனின் இடப்பக்க வயிற்றில் ரோடு பங்கர், பின்னால் தார்ச்சாலை, அதற்கும் பின்னால் கற்சுவர். சாலையும் திடலின் பகுதியே என்பதால், அதில் கிடக்கும் பந்தைத் தண்டனை அடி இல்லாமல் நகர்த்தும் இலவச நிவாரணம் இல்லை. 1978 ஓபனில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனைச் சேர்ந்த பின், பட் செய்த பந்து சரிவில் உருண்டு ரோடு பங்கருக்குள் போய்விட, இந்த ஹோலில் 9 எடுத்தார். ஈரமான கிரீனில் பந்து அவ்வளவு எளிதாக ஓடாது; சாலைக்குப் பாய்ந்துவிடும் அபாயமும் குறைவு. ஆனால் காற்றிலும் குளிரிலும் இரண்டு அடியில் கிரீனைச் சேர்வது உங்களுக்குப் பெரும்பாலும் இயலாது. கிரீனுக்கு முன்னால் வலப்புறம் இரண்டாவது பந்தை வைத்து, அங்கிருந்து பட்டராலேயே மேட்டில் ஏற்றுங்கள். ஈரப்புல் வேகத்தைத் தின்னும் என்பதால் கொடி பத்து அடி தள்ளி இருப்பதாக எண்ணி அடிக்கலாம். இங்கே ஐந்து எடுத்தால் மகிழ்ந்துகொள்ளுங்கள்.

பதினெட்டாவது கிரீனுக்கு முன்னால் இடப்புறம் இருக்கும் தாழ்வுக்குப் பாவப் பள்ளத்தாக்கு என்று பெயர். 1960-இல் ஓபன் போட்டியின் நூற்றாண்டு விழா ஆண்டில் கொட்டிய மழையில் இந்தப் பள்ளம் குளமாகி, கடைசிச் சுற்று மறுநாளுக்குத் தள்ளிப்போனது. 2015 ஓபனின் வெள்ளிக்கிழமை காலையிலும் மழைநீர் தேங்கி, ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் நின்றது. மறுநாள் காற்றாலும் தடைபட்டதால் அந்தப் போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. மழை நாளில் இந்தப் பள்ளத்தின் வழியே பந்தை உருட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். அடியில் போய் நின்றுவிடும். நேராகக் கொடிவரை பறக்கவிடுங்கள்.

விதிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் நிற்கும் முன்போ, வழக்கம்போல் நின்ற பின்போ தரையின் மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தால் அது தற்காலிகத் தண்ணீர். காலை வேண்டுமென்றே அழுத்தி வரவழைத்த தண்ணீர் கணக்கில் சேராது, தரை வெறுமனே ஈரமாகவோ சேறாகவோ இருப்பதும் போதாது, பனித்துளியும் சேராது. தண்ணீர் முழுவதுமாக விலகும் மிக அருகிலுள்ள இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடலாம். தண்டனை அடி இல்லை. கவனியுங்கள்: அந்த மிக அருகிலுள்ள இடம் முட்புதருக்குள்ளும் இருக்கக்கூடும். எனவே பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அது எங்கே போகும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கிரீனில் உங்கள் பந்து உலர்ந்த இடத்தில் இருந்தாலும், குழிக்குப் போகும் பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் நிவாரணம் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரைத் துண்டாலோ பட்டராலோ நீங்களே துடைத்துத் தள்ளக் கூடாது. பங்கரில் தண்ணீர் இருந்தால், பங்கருக்குள்ளேயே ஆழம் குறைந்த இடத்தில் இலவசமாக விடலாம். வெளியே கொண்டுபோக ஒரு தண்டனை அடி. ஃபேர்வேயிலோ ரஃபிலோ பந்து தான் விழுந்த குழியிலேயே புதைந்து நின்றால், அதை எடுத்துத் துடைத்து, அந்த இடத்துக்கு நேர் பின்னாலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள் இலவசமாக விடலாம். வெட்டப்படாத பகுதியின் மணலில் புதைந்தால் மட்டும் இந்தச் சலுகை இல்லை. புதையாமல் சேறு மட்டும் ஒட்டிய பந்தை, அன்றைக்கென்று உள்ளூர் விதி அறிவிக்கப்பட்டிருந்தால் ஒழிய, கிரீனுக்கு வெளியே துடைக்க முடியாது. சேறு இடப்பக்கம் இருந்தால் பந்து வலப்பக்கம் விலகும் என்று கணக்கிட்டு அடியுங்கள்.

இன்னொன்று நம் ஊர்ப் பழக்கத்தால் தவறக்கூடியது. நீங்கள் அடிக்கும் நேரத்தில் கேடி உங்கள் தலைக்கு மேல் குடை பிடிக்கக் கூடாது. பிடித்தால் இரண்டு தண்டனை அடி. உங்கள் குடையை நீங்களே ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் சிறு பட் ஒன்றைத் தட்டிவிடுவதற்கு மட்டும் தடையில்லை. நீண்ட ஒற்றைச் சங்கொலி கேட்டால், பாதியில் இருந்தாலும் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மின்னலைக் கண்டால் சங்கொலிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நீங்களே நிறுத்தலாம், விதி அனுமதிக்கிறது.

உடைமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரு கைக்கும் மழைக் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். அது நனைந்தால்தான் பிடிக்கும். மூன்று துண்டுகளாவது வேண்டும்; ஒன்று பிளாஸ்டிக் பையில் கடைசிவரை உலர்ந்தே இருக்கட்டும். குடையை அந்தக் காற்று திருப்பிவிடும் என்பதால், விளிம்பு நீண்ட தொப்பியை நம்புங்கள். உங்கள் கண்ணாடிக்கும் அதுவே காவல். கண்ணாடி துடைக்கும் துணியைச் சட்டையின் உட்பையில் வையுங்கள். மழைச்சட்டையை முதன்முதலாக அங்கே போய் அணியாமல், சென்னையிலேயே பயிற்சித் திடலில் போட்டுக்கொண்டு சில வாளி பந்துகள் அடித்துப் பாருங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் தோள் எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

மழையில் திடலின் சிறப்பு தெரியுமா என்ற கடைசிக் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். மேகம் மூடிய வெளிச்சத்தில் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் ஃபேர்வேயின் அலைகள் தட்டையாகத் தெரியும். புகைப்படங்களில் நீங்கள் பார்த்த ஓல்டு கோர்ஸ் சாய்ந்த வெயிலில் எடுக்கப்பட்டது. அது அன்று கிடைக்காது. ஆனால் வெயில் காட்டாத ஒன்றைத் தண்ணீர் காட்டும். எந்தச் சரிவு எந்தப் பங்கருக்கு இட்டுச் செல்கிறது, கிரீனின் எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்பதையெல்லாம் வழிந்தோடும் தண்ணீரே எழுதிக் காட்டிவிடும். தண்ணீர் போகும் வழியில்தான் உலர்ந்த நாளில் பந்தும் போகும். இத்திடலின் பங்கர்கள் ஏன் இவ்வளவு பந்துகளை விழுங்குகின்றன என்று வெயிலில் ஆடுபவர் வியப்பார். மழையில் நடப்பவருக்குக் காரணம் காலடியிலேயே கிடக்கும்.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். சிறப்புப் போட்டிகள் நடக்கும் நாள்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது; ஊர்மக்கள் அங்கே நடக்க வருவார்கள், நாய்களோடும் குழந்தைகளோடும். உங்கள் ஆட்டம் திங்களுக்கோ செவ்வாய்க்கோ இருந்தால், முந்தைய ஞாயிறு அந்த ஊரில் இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மருமகனும் உடன் வருவதாக இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு, பதினெட்டாவது கிரீனிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். கிரீனிலிருந்து டீயை நோக்கி நடக்கும்போதுதான் ஒளிந்திருக்கும் பங்கர்களின் வாய் தெரியும். குறிப்பாகப் பன்னிரண்டாவது ஹோலில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தன்று கேடி சொல்லும் இடங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.